பாக்கியும் பட்டறையும்: 45 நாள் சட்டம் எங்கே நின்றுபோகிறது

வாங்கிய பொருளுக்குப் பணம் தராதவரிடம் இவ்வளவு கறாராகப் பேசும் சட்டம் இந்தியாவில் வேறு அதிகம் இல்லை. குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006ஆம் ஆண்டு அக்டோபர் 2 முதல் நடைமுறையில் இருக்கிறது. குறு அல்லது சிறு நிறுவனத்திடம் சரக்கோ சேவையோ வாங்கியவர், எழுத்தில் ஒப்புக்கொண்ட தேதிக்குள் பணம் தர வேண்டும். அந்தத் தேதி, சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் கெடு 15 நாள்தான். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி. அதுவும் மாதாமாதம் அசலில் சேர்ந்து வளரும் கூட்டு வட்டி. 2023 பிப்ரவரி முதல் 2025 பிப்ரவரி வரை வங்கி விகிதம் 6.75 சதவீதமாக இருந்தது. அந்த விகிதத்தில் 10 லட்ச ரூபாய் பாக்கி ஓராண்டில் 12 லட்சத்து 22 ஆயிரத்தைத் தாண்டும். ஈராண்டில் ஏறத்தாழ 14 லட்சத்து 94 ஆயிரமாகும். தாமதித்தவர் இந்த வட்டியை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டிக் கழித்துக்கொள்ளவும் 23ஆம் பிரிவு இடம் தரவில்லை.

ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக இந்தச் சட்டம் இருக்கிறது. ஆனாலும் கோவையில் லேத் பட்டறை வைத்திருப்பவரோ, திருப்பூரில் ஜாப் ஒர்க்காக பிரிண்டிங் போட்டுத் தருபவரோ, அம்பத்தூரில் பிரஸ் ஷாப் நடத்துபவரோ பார்ட்டியிடம் வட்டி கேட்டதாகச் சொன்னால் அக்கம்பக்கத்தார் சிரிப்பார்கள். அசலைக் கேட்பதே பெரிய காரியம். மாதக் கடைசியில் போன் போட்டு, "சார், கொஞ்சம் பார்த்துப் பண்ணுங்க, சனிக்கிழமை சம்பளம் போடணும்" என்று கேட்பதுதான் நடைமுறை. பாக்கியை வசூலிக்கச் சட்டத்தின் உதவியை நாடாததற்கு அவர் சொல்லும் காரணம் ஒன்றே: கேஸ் போட்டால் ஆர்டர் போய்விடும். இதைக் கோழைத்தனம் என்று நினைப்பவர்கள் அவருடைய பில் புத்தகத்தைப் பார்க்காதவர்கள். வேலையில் பாதிக்கு மேல் ஒரே பார்ட்டியிடமிருந்து வருகிற பட்டறைக்கு அந்தப் பார்ட்டி மீது வழக்குப் போடுவது வருமானத்தின் மீதே வழக்குப் போடுவது.

சட்டம் இயற்றியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் அவர்கள் கண்டுபிடித்த மருந்து ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே இருந்தது. 1992இல் அவசரச் சட்டமாக வந்து 1993இல் நிலைபெற்ற தாமத வட்டிச் சட்டம், வங்கிகளின் அடிப்படை விகிதத்துக்கு மேல் 5 சதவீதப் புள்ளி வட்டி என்றது. அது எடுபடவில்லை. 1998 திருத்தம் அதை ஸ்டேட் வங்கியின் பிரைம் லெண்டிங் விகிதத்தைப் போல ஒன்றரை மடங்கு ஆக்கியது. ஒப்பந்தத்தில் தரக்கூடிய கடன் தவணைக்கு 120 நாள் என்று வரம்பு கட்டியது. தகராறுகளைத் தீர்க்க ஒரு கவுன்சிலையும் ஏற்படுத்தியது. 2006இல் வட்டி வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கானது, 120 நாள் 45 ஆனது. கேட்கவே முடியாத ஒருவருக்கு, கேட்டால் கிடைக்கக்கூடிய தொகையை மட்டும் ஏற்றிக்கொண்டே போனார்கள். விகிதம் பத்து மடங்காக இருந்தாலும், வாய் திறந்து கேட்க வேண்டியவர் அதே பட்டறைக்காரர்தான்.

உறவு முறிந்த பிறகு, அதாவது பார்ட்டி வேறு இடத்துக்கு ஆர்டரை மாற்றிய பிறகோ கடையை மூடும் நிலைக்கு வந்த பிறகோதான் பெரும்பாலோர் வக்கீலைத் தேடிப் போகிறார்கள். அப்போது அவர் கேட்கும் முதல் கேள்வி சட்டத்தைப் பற்றியதாக இருக்காது. "பி.ஓ. இருக்கா?" என்பார். கொள்முதல் ஆணை வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வரி. "டி.சி.யில கையெழுத்து?" டெலிவரி சலானை செக்யூரிட்டி வாங்கி வைத்துக்கொண்டார், முத்திரை இல்லை. "பில் கொடுத்ததுக்கு அக்னாலெட்ஜ்மென்ட்?" பையன் போய் அக்கவுண்ட்ஸில் கொடுத்துவிட்டு வந்தான். "உத்யம் எடுத்திருக்கீங்களா?" போன வருஷம் பேங்க் லோனுக்காக எடுத்தது. வழக்கின் தலையெழுத்து இந்த நான்கு பதில்களிலேயே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

கடைசிக் கேள்வியான உத்யத்திலிருந்து, அதாவது குறு, சிறு நிறுவனப் பதிவிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் அதிகம் பேர் விழும் குழி அதுதான். 2021 ஜூனில் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு கிழித்தது: ஒப்பந்தம் நடந்தபோது பதிவு செய்திராத நிறுவனம், பிறகு பதிவு செய்துகொண்டு பழைய சப்ளைக்கு இந்தச் சட்டத்தின் பாதுகாப்பைக் கேட்க முடியாது. 2022 அக்டோபரில் மகாகாளி ஃபுட்ஸ் வழக்கும் அதையே உறுதிசெய்தது. ஆனால் 2025 ஜனவரியில், என்.பி.சி.சி. நிறுவனத்துக்கும் மேற்கு வங்க அரசுக்கும் இடையிலான வழக்கில், இரு நீதிபதிகள் அமர்வு வேறு விதமாக யோசித்தது. கவுன்சிலை அணுக முன்கூட்டிய பதிவு வேண்டும் என்று 18ஆம் பிரிவில் எங்கே இருக்கிறது என்று கேட்டு, முந்தைய தீர்ப்புகள் இந்தக் கேள்வியை நேராக எடுத்துத் தீர்க்கவில்லை என்று கருதி, விஷயத்தை மூன்று நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியது. சட்டப் புலமைக்கு இது நல்ல விவாதம். பட்டறைக்காரருக்கு இதில் எடுத்துக்கொள்ள ஒன்றுதான் உண்டு: உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது, ஆதாரும் பான் எண்ணும் (ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்களுக்கு அந்த எண்ணும்) போதும், அதை முதல் பில் போடுவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டும். வங்கிக்காரர் கேட்டதால் எடுத்தவர்கள் உண்டு, மானியத்துக்காக எடுத்தவர்கள் உண்டு. பாக்கி வசூலுக்கு இதுவே நுழைவுச் சீட்டு என்று சொல்லிக்கொடுத்தவர் யாரும் இல்லை.

பதிவு இருந்தாலும் எல்லோருக்கும் கதவு திறப்பதில்லை. நடுத்தர நிறுவனம் சட்டத்தின் பெயரில் இருக்கிறதே தவிர, தாமதப் பணத்துக்கான பாதுகாப்பில் இல்லை. மொத்த, சில்லறை வியாபாரிகளை 2021 ஜூலையில் உத்யம் பதிவுக்குள் மீண்டும் சேர்த்தபோது, முன்னுரிமைக் கடனுக்கு மட்டும் என்று அரசு எல்லை கட்டிவிட்டது. அதனால் நூல் வாங்கி விற்பவரும் போல்ட் நட்டு கடை வைத்திருப்பவரும் உத்யம் சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தாலும் 45 நாள் கணக்கு அவர்களுக்கு ஓடாது. பொருளும் வேலையும் கலந்த ஒர்க்ஸ் கான்ட்ராக்ட் இதில் வராது என்று மும்பை உயர் நீதிமன்றம் 2017இல் ஒரு வழக்கில் சொன்னது. அதிலிருந்து ஒப்பந்தக்காரர்களின் மனு வரும்போதெல்லாம் எதிர்த்தரப்பு முதலில் எடுத்து வைப்பது அந்த வாதத்தைத்தான்.

இப்போது டி.சி.க்கு வருவோம். இந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வட்டி அல்ல, 2ஆம் பிரிவில் ஒரு விளக்கக் குறிப்பாக ஒளிந்திருக்கும் ஒரு விதி. சரக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை என்றால், வந்து சேர்ந்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகக் கொள்ளப்படும். தொழில் நகரங்களில் பாக்கித் தகராறு எப்படி நடக்கிறது என்று தெரிந்தவருக்கு இதன் அருமை புரியும். பணம் தர மறுப்பவர் எவரும் "தர மாட்டேன்" என்று சொல்வதில்லை. நாலு மாதம் கழித்துக் கணக்கு முடிக்க உட்காரும்போது ஒரு டெபிட் நோட் வருகிறது. சைஸ் மாறிவிட்டது, ஷேடு வித்தியாசம், ரிஜெக்‌ஷன் இத்தனை சதவீதம் என்று. அந்தத் துணி கப்பலேறி ஐரோப்பாவில் விற்றும் போயிருக்கும். அந்தப் பாகம் மோட்டாருக்குள் போய் எங்கோ ஒரு கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கும். பட்டறைக்காரர் பார்த்துச் சரிசெய்ய ஒரு துண்டுச் சரக்கும் திரும்பி வந்திருக்காது. டெபிட்டை ஏற்றுக்கொண்டு மீதியை வாங்கிக்கொள், இல்லாவிட்டால் மொத்தமும் நிற்கும் என்பதே இதன் பொருள். அந்தப் பேரத்தில் சட்டம் பட்டறைக்காரர் பக்கம் நிற்கிறது. 15 நாளுக்குள் எழுத்தில் புகார் வந்ததா என்ற ஒரு கேள்வி போதும்.

ஆனால் அந்த 15 நாளை எண்ணத் தொடங்க ஒரு தேதி வேண்டும். அது டி.சி.யில் பெறுபவர் போடும் கையெழுத்தும் தேதியும். வட்டி விகிதத்தை அறிவிக்கும் சுற்றறிக்கைகளைவிட, டி.சி.யில் பெயர், தேதி, முத்திரை மூன்றும் வாங்காமல் வண்டியைத் திருப்பாதே என்று டெம்போ டிரைவருக்குச் சொல்லிவைப்பது அதிகம் பயன் தரும் சட்ட உதவி என்று நான் நினைக்கிறேன். வாட்ஸ்அப் உரையாடலும் சான்றாகும்தான். ஆனால் மின்னணுப் பதிவுக்கு உரிய சான்றிதழ் இணைக்க வேண்டும் என்பதை 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் கோத்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கியது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமும் 63ஆம் பிரிவில் அதைத் தொடர்கிறது. போனை மாற்றும்போது பழைய சாட் போய்விட்டது என்பவரின் வழக்கு அதோடு போய்விடுகிறது.

இன்னொரு தேதி காலாவதியுடையது. விற்ற சரக்கின் விலையைக் கேட்டு வழக்குத் தொடர மூன்று ஆண்டு. "தந்துடறேன்ணே, அடுத்த மாசம்" என்ற வாய்மொழியில் இந்த மூன்று ஆண்டு நகர்ந்துபோவதைப் பலர் கவனிப்பதில்லை. காலாவதிச் சட்டத்தின் 18ஆம் பிரிவுப்படி, கெடு முடிவதற்குள் கடன்பட்டவர் எழுத்தில் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டால் மூன்று ஆண்டு புதிதாகத் தொடங்கும். 19ஆம் பிரிவுப்படி ஒரு பகுதித் தொகையைச் செலுத்தி அது எழுத்தில் பதிவானாலும் அப்படியே. ஆண்டுதோறும் மார்ச் முடிந்ததும் ஆடிட்டர்கள் அனுப்பச் சொல்லும் பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் கடிதம் இதற்குத்தான் உதவுகிறது. வழக்குப் போடாமலே, உறவைக் கெடுக்காமலே செய்யக்கூடிய காரியம் இது. இதைக் கேட்டால் பார்ட்டி கோபித்துக்கொள்ள மாட்டார். ஆடிட்டர் கேட்டார் என்று சொல்லிவிடலாம்.

சரி, கவுன்சிலுக்கே போய்விட்டார் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி ஆகிய நான்கு இடங்களில் வசதியாக்க மன்றங்கள் என்ற பெயரில் இந்தக் கவுன்சில்கள் இருக்கின்றன. இணையம் வழியாகவே மனுப் போடலாம்; 2017 அக்டோபரில் தொடங்கிய சமாதான் தளம் அதற்கு வழி திறந்தது. இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய சலுகை உண்டு. வாங்கியவர் டெல்லியில் இருந்தாலும் கொல்கத்தாவில் இருந்தாலும், விற்றவர் இருக்கும் இடத்து மன்றத்துக்கு விசாரிக்கும் அதிகாரம் உண்டு என்று 2006 சட்டத்தின் 18ஆம் பிரிவு சொல்கிறது. கொள்முதல் ஆணையின் பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் "வழக்குகள் மும்பை நீதிமன்றத்துக்கே உட்பட்டவை" என்றோ, தனி நடுவர் தீர்ப்பார் என்றோ அச்சிட்டிருந்தாலும், இந்தச் சட்டம் அவற்றுக்கு மேலானது என்பதை மகாகாளி தீர்ப்பு தெளிவாக்கிவிட்டது. 90 நாள் கடன் என்று அச்சிட்ட வரியும் அப்படித்தான். 45க்கு மேற்பட்ட நாளுக்கு அதற்கு மதிப்பில்லை.

மன்றம் முதலில் சமரசம் பேசும், முடியாவிட்டால் நடுவராக இருந்து தீர்ப்புச் சொல்லும். 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். மன்றத்தின் தலைவரோ வேறு பல பணிகளோடு இதையும் பார்க்கும் தொழில்துறை அதிகாரி. உறுப்பினர்கள் மூன்று முதல் ஐந்து பேர். மாதத்துக்குச் சில அமர்வுகள். மண்டலத்துக்கு ஒன்றாக இருக்கும் மன்றத்தில் 90 நாள் என்பது எழுதி வைத்த ஆசையாகவே இருக்கிறது. அதைவிடக் கடினமானது தீர்ப்புக்குப் பிந்தைய பாதை. தோற்றவர் நீதிமன்றத்தில் தீர்ப்பை ரத்துசெய்யக் கேட்டால், அதே சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். அந்தப் பணத்தில் நியாயமான பகுதியை விற்றவருக்குக் கொடுக்கவும் நீதிமன்றம் உத்தரவிடும். சிறுதொழிலுக்கு இதைவிட நல்ல கேடயம் இல்லை. அதனாலேயே வசதியான எதிர்த்தரப்பு அந்தப் பாதையைத் தவிர்த்து, ரிட் மனுவாக உயர் நீதிமன்றத்துக்குப் போகிறது. அரசியல் சாசனத்தின் 226ஆம் பிரிவில் முன்பணம் கட்டும் நிபந்தனை இல்லை. இந்தச் சுற்றுவழி செல்லுமா என்ற கேள்வி தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகம் சம்பந்தப்பட்ட வழக்கில் எழுந்தது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை ஐந்து நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியிருக்கிறது. சமரசம் பேசிய அதே மன்றம் தீர்ப்பும் சொல்லலாமா என்பதும் அந்த அமர்வின் முன் இருக்கும் கேள்வி. எதிர்த்தரப்பில் நின்றது ஒரு மாநில அரசு நிறுவனம் என்பதையும் கவனிக்க வேண்டும். சிறுதொழிலைக் காப்பாற்றச் சட்டம் போட்ட அரசும், அதன் வாரியங்களும் கழகங்களுமே பாக்கிதாரர் பட்டியலில் முன்வரிசையில் இருப்பது தொழில் சங்கக் கூட்டங்களில் பழைய புலம்பல்.

அரசு இன்னொரு வகையிலும் இதில் நிற்கிறது. பில் போட்ட மாதத்துக்கு அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள், பணம் வந்தாலும் வராவிட்டாலும், பட்டறைக்காரர் ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும். வாங்கியவர் அந்த வரியை உடனே தன் கணக்கில் வரவு எடுத்துக்கொள்கிறார். விற்றவருக்குப் பணம் தராவிட்டால் அந்த வரவைத் திருப்ப வேண்டும்தான், ஆனால் அதற்குக் கெடு 180 நாள். ஒரே அரசு ஒரே பில்லுக்கு ஒரு சட்டத்தில் 45 நாள் என்றும் இன்னொன்றில் 180 நாள் என்றும் சொல்கிறது. வரவேண்டிய பணத்துக்கு வட்டி கேட்கக் கூசுகிறவர், வராத பணத்துக்கான வரியைத் தாமதித்தால் அரசுக்கு 18 சதவீத வட்டி கட்டுகிறார்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காசோலை கையில் இருந்தால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு இருக்கிறது. சிறைத் தண்டனை என்ற பயத்தால் அது ஊர் முழுக்கத் தெரிந்த பிரிவு. அதன் கெடுக்கள் இரக்கமில்லாதவை: காசோலை திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ், பணம் தர 15 நாள், அதன் பிறகு ஒரு மாதத்துக்குள் புகார். 2008இலேயே இத்தகைய வழக்குகள் 38 லட்சத்துக்கு மேல் தேங்கியிருப்பதாக சட்ட ஆணையத்தின் 213ஆவது அறிக்கை சொன்னது. மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட வணிகத் தகராறு வணிக நீதிமன்றத்துக்குப் போகலாம். அவசர நிவாரணம் கேட்டால் தவிர, முன் சமரசத்துக்குப் போய்வராமல் வழக்கை ஏற்கக் கூடாது என்று 2022இல் பாட்டீல் ஆட்டோமேஷன் தீர்ப்பு கட்டாயமாக்கியது. நீதிமன்றக் கட்டணம் தமிழ்நாட்டில் 2017இல் ஏழரை சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்தது நல்ல செய்தி. திவால் சட்டம் ஒன்று இடையில் கைகொடுத்தது. ஒரு லட்ச ரூபாய் பாக்கிக்கே கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பி, பத்து நாளில் பதில் கேட்க முடிந்தது. கம்பெனியே கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் பலர் பணம் தந்தார்கள். 2020 மார்ச் 24 அன்று அந்த வரம்பு ஒரு கோடியாக உயர்ந்தது. கொரோனா காலத்தில் சிறு நிறுவனங்களைத் திவால் மனுக்களிலிருந்து காப்பாற்றவே இது என்று காரணம் சொன்னார்கள். பெருந்தொற்று போய்விட்டது, வரம்பு இறங்கவில்லை. சிறியவர்களின் கையில் இருந்த ஒரே கூரிய ஆயுதம் அவர்கள் பெயரைச் சொல்லியே பிடுங்கப்பட்டது.

இத்தனை வழிகளுக்கும் பொதுவான குறை, விற்றவர் முன்வந்து கையை உயர்த்த வேண்டும் என்பது. அவர் வாயே திறக்காமல் வேலை செய்யும் ஏற்பாடு ஒன்று 2023 நிதிச் சட்டத்தில் வந்தது. வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் 'எச்' என்ற உட்பிரிவு. குறு, சிறு நிறுவனத்துக்கு 15 அல்லது 45 நாள் கெடுவைத் தாண்டி நிலுவை வைத்தால், அந்தத் தொகையை உண்மையில் செலுத்திய ஆண்டில்தான் செலவாகக் கழிக்க முடியும். 2024 மார்ச்சில் இதன் விளைவைத் தொழில் நகரங்கள் கண்ணால் பார்த்தன. இதுவரை போனை எடுக்காத அக்கவுண்ட்ஸ் பிரிவுகள் தாமாகவே கூப்பிட்டு உத்யம் எண்ணைக் கேட்டன. கேட்டது பட்டறைக்காரர் இல்லை, பார்ட்டியின் ஆடிட்டர். யார் மீதும் மனக்கசப்பு இல்லை. வட்டியை மும்மடங்காக்கியும் நடக்காதது, வரிப் படிவத்தில் ஒரு கட்டம் சேர்த்ததில் நடந்தது.

ஆனால் தண்ணீர் தனக்கு வழி தேடிக்கொள்ளும். ஆண்டு முடிவதற்குள் கொடுத்துவிட்டால் அந்த ஆண்டே கழித்துக்கொள்ளலாம் என்பதால், ஏப்ரலில் போட்ட பில் மார்ச்சில் தீர்ந்தாலும் வரிக் கணக்கில் தவறில்லை. நல்லெண்ணம் மார்ச் மாதத்தில் மட்டும் பூக்கிறது. அதைவிட மோசமாக, உத்யம் பதிவை ரத்துசெய்துவிட்டு வா என்று சொன்ன பார்ட்டிகளும், ஆர்டரை நடுத்தர நிறுவனங்களுக்கு மாற்றுவதாக மிரட்டியவர்களும் உண்டு என்று சங்கங்கள் குறைகூறின. திருப்பூரில் இன்னொரு நியாயமும் எழுந்தது. வெளிநாட்டு பையர் 90 நாள் கழித்துத்தான் பணம் தருகிறார், நான் 45 நாளில் எங்கிருந்து தருவது என்று ஏற்றுமதியாளர் கேட்கிறார். அதில் பொய்யில்லை. சட்டம் அதைக் கேட்கவில்லை என்பதும் உண்மை. ஆடை ஒன்று உருவாக நிட்டிங், சாயம், காம்பாக்டிங், பிரிண்டிங், தையல் என்று எத்தனை தனித்தனி ஜாப் ஒர்க் யூனிட்டுகள் வேலை செய்கின்றனவோ, அத்தனை பேரும் சேர்ந்து அந்த வெளிநாட்டு பையருக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பில்லை ஏலத்தில் வங்கிகளுக்கு விற்றுப் பணமாக்கும் டிரெட்ஸ் தளங்கள் இதற்கு ஒரு விடை. 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் அதில் சேர வேண்டும் என்று 2024 நவம்பரில் வரம்பைக் குறைத்தார்கள். அங்கும் பில்லைச் சரி என்று பார்ட்டி தளத்தில் ஒப்புக்கொண்டால்தான் வண்டி நகரும்.

எனவே சிறுதொழிலுக்கான சட்ட உதவி என்று பேசும்போது, யார் அந்த உதவியைத் தருகிறார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. நடப்பில் தருபவர் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடும் ஆடிட்டர். (தமிழ்நாட்டில் வரிக் கணக்குப் பார்க்கும் எவரும் ஆடிட்டர்தான்.) மாதம் ஒருமுறை பட்டறையின் பில்கள் முழுவதையும் பார்ப்பவர் அவர் ஒருவரே. டி.சி. சரியாக இருக்கிறதா, எந்த பில் 45 நாளைத் தாண்டியது என்று சொல்ல அவரால் முடியும். அவருக்குக் கிடைக்கும் மாதச் சம்பளத்தில் அதெல்லாம் அடங்காது. வக்கீலிடம் போனால் வேறு கணக்கு. மூன்று லட்சம் பாக்கிக்கு ஐம்பதாயிரம் முன்கூட்டிக் கட்டணம் கேட்டால் பட்டறைக்காரர் எழுந்து வந்துவிடுவார். வசூலானால் அதில் பங்கு தருகிறேன் என்று பேசவும் முடியாது. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் வாங்கக் கூடாது என்று இந்திய பார் கவுன்சிலின் நடத்தை விதிகளில் 20ஆவது விதி தடுக்கிறது. அந்த விதிக்கு நல்ல நோக்கம் உண்டு. ஆனால் சிறு தொகைக்கான வழக்குகளை வக்கீல் இல்லாத வழக்குகளாக ஆக்கியதில் அதற்கும் பங்குண்டு.

இலவசச் சட்ட உதவியின் நிலை இன்னும் விசித்திரம். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, உதவி பெறத் தகுதியானவர்களைப் பட்டியலிடுகிறது. அதில் தொழிற்சாலைத் தொழிலாளி இருக்கிறார். இரண்டு லேத் வைத்துக்கொண்டு அந்தத் தொழிலாளியோடு தானும் மெஷினில் நின்று, பாக்கி வராத மாதத்தில் அவரைவிடக் குறைவாக வீட்டுக்கு எடுத்துப்போகும் முதலாளி இல்லை. வருமான வரம்புக்குள் வந்தால் மட்டுமே அவருக்கு இடம். அதே பட்டியலில் பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் வருமான வரம்பு இல்லாமல் இருக்கிறார்கள். தனிநபர் நிறுவனத்துக்குச் சட்டத்தின் கண்ணில் தனி உருவம் கிடையாது, உரிமையாளரே நிறுவனம். ஆகவே பவர் டேபிள் தையல் யூனிட்டைத் தன் பெயரில் நடத்தும் பெண் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் போய், பாக்கி வசூலுக்கு வக்கீல் கேட்க வாசல் திறந்தே இருக்கிறது. அப்படிப் போனவர்களைப் பற்றி நான் கேள்விப்பட்டதில்லை. மாவட்டத் தொழில் மையமும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் ஒரே ஊரில் இருந்தாலும், ஒன்றின் பலகையில் மற்றதன் பெயர் இருப்பதில்லை.

கோவையின் கோடிசியா, டேக்ட் போன்ற சங்கங்களிடம் இதற்கான ஆள்பலம் இருக்கிறது. சட்டம்தான் அவர்களை வெளியே நிறுத்தியிருக்கிறது. 2006 சட்டத்தின் 18ஆம் பிரிவுப்படி மன்றத்துக்கு மனுப் போடக்கூடியவர் தகராறில் ஒரு தரப்பாக இருப்பவர் மட்டுமே. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டுத் தாமதப் பண வழிகாட்டுச் சட்டம், சிறுதொழில் அமைப்புகள் நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகளுக்கு எதிராகத் தம் பெயரிலேயே நீதிமன்றம் போக வழி வைத்திருக்கிறது. அப்படியொரு வரி நம் சட்டத்தில் இருந்தால், 90 நாள் என்று அச்சிட்ட கொள்முதல் ஆணையை அனுப்பும் ஒரு பெரிய கம்பெனி மீது, அதனிடம் வேலை வாங்கும் நாற்பது பட்டறைகளில் ஒன்றின் பெயரும் வெளியே வராமல் புகார் போகும்.

அதற்கு முன்பே, திருத்தம் எதுவும் இல்லாமலே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. குறு, சிறு நிறுவனங்களுக்கு எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறோம், அதில் கெடு தாண்டியது எவ்வளவு, வட்டி எவ்வளவு என்பதை வாங்குபவர் தன் ஆண்டுக் கணக்கில் காட்ட வேண்டும் என்று அதே 2006 சட்டத்தின் 22ஆம் பிரிவு சொல்கிறது. காட்டாவிட்டால் 10,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். வாங்குபவர் கம்பெனியாக இருந்தால் அந்தக் கணக்கைக் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் நூறு ரூபாய் கட்டி யாரும் பார்க்கலாம். புதிதாக ஆர்டர் தர வரும் பார்ட்டி எப்படிப்பட்டவர் என்று பட்டறைக்காரர் டீக்கடையில் விசாரிக்கிறார். அவருடைய சங்க அலுவலகத்தில் ஒருவர் உட்கார்ந்து, ஊரில் வேலை தரும் ஐம்பது கம்பெனிகளின் கணக்குகளிலிருந்து அந்த ஒரு குறிப்பை மட்டும் எடுத்துப் பட்டியலாக்கி, ஆண்டுதோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் செலவு ஐயாயிரம் ரூபாய்.